சூரியனுக்குப் பதில் ஒரு விளக்கு

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்கள் ஆண்டாளைச் சேவித்துவிட்டுத் திரும்பும்போது பால்கோவா வாங்காமல் வருவதில்லை. அடுத்த முறை வாங்கும்போது கடைக்குள்ளே கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். பல இனிப்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் சுவரோரமாக ஒரு தகரப் பெட்டி மாட்டியிருக்கும். அதற்குள் நீல நிறமாகக் குழல் விளக்கு எரியும். ஈயும் பூச்சியும் அதைத் தேடிப் போய் மாட்டிக்கொள்ளும்.

ஈயைப் பிடிக்கும் அந்த விளக்கு படத்தை அச்சிடவும் உதவும் என்று சொன்னால் நம்புவீர்களா? ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை. கையால் போட்டோ அச்சிடும் பழைய கலையில் இறங்கியிருக்கும் பலர் இன்று உபயோகிப்பது அந்த ஜாதி விளக்கைத்தான்.

அதே சமயம், அதைப் போலவே நீளமும் பருமனும் உள்ள இன்னொரு குழல் இருக்கிறது. அது கண்ணைக் கெடுத்துவிடும், படமும் வராது. இரண்டையும் 'யு.வி. டியூப்' என்ற ஒரே பேரில்தான் கடைகளில் கேட்கிறார்கள். ஆகையால் விளக்கு வாங்கப் போகுமுன் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

கைத்தறியைப் போல ஒரு போட்டோ

செல்போனில் விரலால் தட்டினால் படம் வந்துவிடும் காலம் இது. இந்தக் காலத்தில் காகிதத்தில் தாமே மருந்து தடவி, நெகட்டிவை அதன் மேல் பொருத்தி, வெளிச்சம் காட்டி, தண்ணீரில் அலசி ஒரு படம் எடுப்பானேன்? மில் சேலை மலிவாகக் கிடைக்கும்போது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கைத்தறிச் சேலை எதற்கு என்று கேட்டால் என்ன பதிலோ, அதுதான் இதற்கும் பதில். ஒவ்வொரு படமும் ஒரு கைவேலை. ஒன்றைப் போல் மற்றொன்று இராது.

இப்படிப்பட்ட முறைகள் ஏழெட்டு உண்டு. உப்புக் காகித முறை, பிசின் முறை, பிளாட்டினம் முறை என்று பட்டியல் நீளும். எல்லாவற்றிலும் எளியது, செலவு குறைந்தது, 'சயனோடைப்' என்ற நீலப் பட முறை. 1842-ல் இதைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்து தேசத்து வானசாஸ்திரி சர் ஜான் ஹெர்ஷல். (அவருடைய மகன் வில்லியம் ஹெர்ஷல் வங்காளத்தில் உத்தியோகம் பார்த்தவர். 1858-ல் ஒரு கண்டிராக்ட் பத்திரத்தில் கையொப்பத்துக்குப் பதில் கைச் சுவடு வாங்கி, கைரேகை சாஸ்திரத்துக்கு வழிகாட்டியவர் அவர்தான். தகப்பனார் காகிதத்தில் நிழலைப் பதித்தார். பிள்ளை மையில் கையைப் பதித்தார்!)

ஹெர்ஷல் குடும்பத்துக்குத் தெரிந்தவரான அன்னா அட்கின்ஸ் என்ற அம்மையார், 1843 முதல் பத்து வருஷ காலம் கடற்பாசிகளைக் காகிதத்தின் மேல் வைத்து நீலப் படங்களாக எடுத்துப் புத்தகமாக வெளியிட்டார். உலகத்தில் போட்டோக்கள் கொண்ட முதல் புத்தகம் என்று அதைச் சொல்கிறார்கள். காமிராவே இல்லாமல் எடுத்த போட்டோக்கள் அவை!

பின்னால் இன்ஜினீயர்கள் இந்த முறையைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டடம், பாலம், யந்திரம் எதுவானாலும் நீலத் தாளில் வெள்ளைக் கோடாக நகல் எடுத்தார்கள். 'புளூ பிரிண்ட்' என்ற வார்த்தை அப்படி வந்ததுதான். நம் நாட்டு ரயில்வேயிலும் மராமத்து இலாகாவிலும் 'பெர்ரோ பிரிண்டர்' என்றே ஒரு உத்தியோகம் இருந்தது. பெர்ரோ என்றால் இரும்பு. இந்த நீலம் இரும்பு உப்பிலிருந்து வருவது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிக் அமோனியம் சிட்ரேட் என்ற பச்சைப் பொடியை 100 மில்லி தண்ணீருக்கு 20 முதல் 25 கிராம் வரை கரைத்துக்கொள்ள வேண்டும். பொட்டாசியம் பெரிசயனைட் என்ற சிவப்பு உப்பை 100 மில்லிக்கு 8 முதல் 10 கிராம் வரை தனியாகக் கரைக்க வேண்டும். இரண்டையும் சம அளவில் கலந்து, மங்கலான விளக்கில் காகிதத்தில் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். உலர்ந்த காகிதத்தின் மேல் நெகட்டிவை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெளிச்சம் காட்ட வேண்டும். பிறகு தண்ணீரில் அலசினால் வெளிச்சம் பட்ட இடம் நீலமாக நிற்கும். படாத இடத்து மருந்து கரைந்து போய்விடும். இருட்டறை வேண்டாம், பெரிய லேபரட்டரி வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு தட்டும் போதும்.

வெளிச்சம் ஒன்றுதான் பிரச்னை.

வெயிலுக்கா பஞ்சம்?

"ராஜபாளையத்தில் வெயிலுக்கா பஞ்சம்? மொட்டை மாடியில் வைத்தால் தீர்ந்தது!" என்பீர்கள். நியாயமான கேள்விதான். விளக்கு வராத காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ காப்டன், சென்னை ராஜதானியின் சர்க்கார் போட்டோகிராபராக மதுரைக்கு வந்தார். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மஹால், தெப்பக்குளம் எல்லாவற்றையும் பெரிய காகித நெகட்டிவ்களில் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக ஒட்டி ஒரே நீளப் படமாக்கியவரும் இவரே. அத்தனையும் வெயிலில் அச்சிட்டவை.

சூரியனைப் போலக் கூலி கேட்காத வேலைக்காரன் கிடையாது. ஆனால் அவன் தினம் ஒரே மாதிரி வேலை செய்கிறவன் அல்ல.

நம் இரண்டு ஊர்களும் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பதரை டிகிரியில் இருக்கின்றன. வருஷத்தில் இரண்டு தடவை சூரியன் சரியாக நம் தலைக்கு மேலே வருகிறான்: ஏப்ரல் 14, 15 தேதிகளில் ஒரு தடவை, ஆகஸ்ட் 28, 29-ல் ஒரு தடவை. சித்திரை வருஷப் பிறப்பன்று உச்சி வேளையில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் நின்றால் உங்கள் நிழல் உங்கள் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அந்த உச்சி வேளையும் கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு வராது. 12 மணி 20 நிமிஷத்தை ஒட்டி வரும். நம் கடிகாரம் கிழக்கே அலகாபாத் பக்கத்து ரேகையைப் பார்த்து ஓடுகிறது அல்லவா?

அன்று அந்த வேளையில் பத்து நிமிஷத்தில் வந்த படம், மார்கழியில் காலை எட்டு மணிக்கு வைத்தால் பல மடங்கு நேரம் கேட்கும். ஏனென்றால் சூரியன் சாயச் சாய வெளிச்சம் குறைவதைவிட வேகமாகப் புற ஊதா குறைகிறது. கண்ணுக்கு வெயில் சுள்ளென்றுதான் இருக்கும். காகிதத்துக்கு அது மாலை நேரம்.

இன்னொரு சங்கடம் நம் மேற்கு மலை. அய்யனார் அருவிப் பக்கமும் செண்பகத்தோப்புப் பக்கமும் பாருங்கள். தென்மேற்குப் பருவத்தில் மலையின் அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்டும். இந்தப் பக்கம் மழை இல்லை. ஆனால் முகட்டைத் தாண்டி மேகத் துண்டுகள் வந்துகொண்டே இருக்கும். ஐந்து நிமிஷம் வெயில், மூன்று நிமிஷம் நிழல். நீங்கள் கடிகாரத்தைப் பார்ப்பதா, வானத்தைப் பார்ப்பதா? சாயங்காலமோ சூரியன் கடலில் முழுகுவதற்கு வெகு முன்பே மலைக்குப் பின்னால் ஒளிந்துவிடுவான். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை வேறு.

பொழுதுபோக்குக்கு ஒரு படம் எடுப்பவருக்கு இதெல்லாம் வேடிக்கை. அவர் வெயிலிலேயே செய்யட்டும். விளக்கு வாங்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஒரே படத்தில் இருபது பிரதி வேண்டும், இருபதும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்கிறவருக்கு நேற்றைய வெளிச்சமே இன்றும் வேண்டும். பகல் முழுவதும் மில்லிலோ ஆபீசிலோ வேலை பார்த்துவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் கை ஓய்கிறது என்பவரும் உண்டு. அவர்களுக்குத்தான் விளக்கு.

கண் சொல்லும் சாட்சி செல்லாது

விளக்குக் கடைக்குப் போனதும் நாம் செய்வது என்ன? "நல்ல பிரகாசமானதாகக் கொடுங்கள்" என்போம். இந்தக் காரியத்தில் அது தவறு.

1801-ல் ரிட்டர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்து, வெள்ளி உப்புத் தடவிய காகிதத்தை ஒவ்வொரு நிறத்திலும் காட்டிப் பார்த்தார். சிவப்பில் ஒன்றுமில்லை. ஊதாவில் கறுத்தது. ஊதாவைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத வெற்றிடத்தில் இன்னும் அதிகமாகக் கறுத்தது! அங்கேயும் ஏதோ ஒரு ஒளி விழுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அதுவே புற ஊதா.

ஒளியின் அலையை நானோமீட்டர் என்ற கணக்கில் அளக்கிறார்கள். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. நம் கண்ணுக்குத் தெரிவது உத்தேசமாக 400 முதல் 700 வரை. 400-க்குக் கீழே 315 வரை 'ஏ' வகைப் புற ஊதா. 315 முதல் 280 வரை 'பி' வகை. தோலைச் சுடுவது பெரும்பாலும் இதுதான். 280-க்குக் கீழே 'சி' வகை. சூரியனிலிருந்து வரும் 'சி' வகை முழுவதையும் ஆகாயமே தடுத்துவிடுகிறது. தடுத்ததால்தான் நாம் பிழைத்திருக்கிறோம்.

நீலப் படத்துக்கும் மற்றப் பழைய முறைகளுக்கும் வேண்டியது 'ஏ' வகை. முக்கியமாக 350-லிருந்து 380 வரை. சாதாரண ஜன்னல் கண்ணாடி இதைத் தாராளமாக உள்ளே விடும். 'சி' வகையை அடியோடு நிறுத்திவிடும். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தேர்வு முடிந்தது.

வீட்டில் எரியும் வெள்ளை எல்.ஈ.டி. பல்பு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் அதில் புற ஊதா அநேகமாக இல்லை. பழைய குண்டு பல்பும் அப்படியே. கல்யாண மேடையில் போடும் ஊதா நிறம் பூசிய பல்பு வெறும் வேஷம். ரூபாய் நோட்டுச் சோதிக்கும் சின்ன விளக்கு சரியான ஜாதிதான்; ஆனால் பலம் போதாது.

ஒரே நீளம், இரண்டு குணம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். எலெக்ட்ரிக் கடையில் பேச்சு எப்படிப் போகும் என்று பாருங்கள்.

"அண்ணாச்சி, யு.வி. டியூப் இருக்கா?"

"இருக்கு தம்பி. வாட்டர் பில்டருக்குத்தானே?"

"படம் பிரிண்ட் போட அண்ணாச்சி."

"யு.வி. எல்லாம் ஒண்ணுதான் தம்பி. எட்டு வாட்ஸ், ஒரு அடி. எடுத்துட்டுப் போங்க."

அண்ணாச்சி பேரில் தப்பில்லை. அவரிடம் இதுவரை கேட்டவர்கள் எல்லாம் தண்ணீர் சுத்தம் செய்ய வாங்கியவர்கள். ஆனால் அவர் எடுத்துக் கொடுக்கும் குழல் கிருமியைக் கொல்லும் 'சி' வகை, 254 நானோமீட்டர். அந்த ஒளி உங்கள் பிரேமின் கண்ணாடியைத் தாண்டாது. மணிக்கணக்கில் எரித்தாலும் படம் உருப்படியாக வராது. திறந்த குழலைச் சில நிமிஷம் பக்கத்திலிருந்து பார்த்தாலோ, அப்போது ஒன்றும் தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். கண்ணீர் கொட்டும், விழிக்க முடியாது. வெல்டிங் பட்டறையில் கறுப்புக் கண்ணாடி போடாமல் வேலை பார்த்த பையன்கள் படும் வேதனைதான் இது. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும் என்றாலும், யார் அனுபவிப்பது? கண் டாக்டரிடம் போகவேண்டிய சங்கதி.

எப்படி அடையாளம் காண்பது? மிகச் சுலபம். எரியவிடாமலே பார்க்கலாம்.

குழல் வெறும் கண்ணாடியாக, ஒரு பக்கமிருந்து மறு பக்கம் தெரியும்படி, உள்ளே கம்பிச் சுருள் தெரிகிறதா? அது கிருமி விளக்கு. தொடாதீர்கள். சாதாரண டியூப் லைட்டைப் போல் வெள்ளைப் பூச்சு பூசியிருக்கிறதா? எரிந்தால் வெளிர் நீலமாகத் தெரிகிறதா? அதுதான் ஈ பிடிக்கும் விளக்கு; நமக்கு வேண்டியது. குழலே கருநீலக் கண்ணாடியாக, ஏறக்குறைய கறுப்பாக இருக்கிறதா? அதுவும் நமக்கு ஆகும். ஆனால் விலை கூடுதல். கண்ணுக்குத் தெரியும் ஒளியை அந்தக் கறுப்புக் கண்ணாடி வடிகட்டுகிறது, அவ்வளவுதான். படத்துக்கு அதனால் எந்த லாபமும் இல்லை. காசை மிச்சம் பிடித்து வெள்ளைப் பூச்சுக் குழலையே வாங்குங்கள்.

குழலின் நுனியில் அச்சடித்திருக்கும் எழுத்தையும் படிக்க வேண்டும். 'பி.எல்.' என்று முடிந்தால் வெள்ளைப் பூச்சு, 'பி.எல்.பி.' என்றால் கறுப்பு. 'டி.யு.வி.' என்றோ, முதல் எழுத்து 'ஜி' என்றோ இருந்தால் கிருமி விளக்கு. எட்டு வாட் 'பி.எல்.' குழலும் எட்டு வாட் 'ஜி' குழலும் ஒரே நீளம். ஒரே ஹோல்டரில் பொருந்தும். அபாயமே அதில்தான் இருக்கிறது.

'ஏ' வகைதானே என்று அலட்சியமாகவும் இருக்கக்கூடாது. 2023 நவம்பரில் ஹாங்காங்கில் ஒரு கேளிக்கை விழாவுக்குப் போனவர்கள் பலருக்கு மறுநாள் கண் எரிந்து, தோல் சிவந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். காரணம், அலங்காரத்துக்குப் போட்டிருந்த புற ஊதா விளக்குகள். ஆகவே எந்தக் குழலானாலும் பெட்டிக்குள்தான் எரிய வேண்டும். பெட்டியைத் திறந்தால் தானே அணைந்துவிடும்படி கதவில் ஒரு சுவிட்ச் வைப்பது உத்தமம்.

எரிகிறது, ஆனால் செத்துவிட்டது

ஈ விளக்கைப் பற்றி இன்னொரு ரகசியம். பூச்சிப் பெட்டி விற்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை குழலை மாற்றச் சொல்கிறார்கள். "நன்றாகத்தானே எரிகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?" என்று கடைக்காரர்கள் விட்டுவிடுவதுண்டு. உள்ளே பூசிய பொடி நாளாக ஆகப் புற ஊதா கொடுக்கும் சக்தியை இழந்துவிடுகிறது. நீல நிறம் மட்டும் பழையபடி தெரிந்துகொண்டிருக்கும். ஈக்கு அது தெரியும், மனிதனுக்குத் தெரியாது!

ஆகையால் யாராவது கழற்றிப் போட்ட பழைய குழல்களை "சும்மாதானே கிடக்கிறது" என்று கேட்டு வாங்கிப் பெட்டி கட்டாதீர்கள். புதிதாக வாங்குங்கள், வாங்கிய தேதியைக் குழலின் ஓரத்தில் எழுதி வையுங்கள். நாலு குழல் போட்டிருந்தால் மாற்றும்போது நாலையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்று புதிது, மூன்று பழையது என்றால் படத்தில் ஒரு பட்டை மட்டும் ஆழ்ந்த நீலமாக நிற்கும். கழித்த குழலை உடைக்கக்கூடாது. உள்ளே பாதரசம் இருக்கிறது.

பக்கத்து ஊர்ப் பாடம்

புற ஊதாவை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் நமக்கு வெகு தூரத்தில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இருபது கிலோமீட்டரில் சிவகாசி. காலண்டரும் டைரியும் அச்சாகும் அந்த ஊரில், ஆப்செட் பிளேட்டில் படத்தை ஏற்றியது இதே சாஸ்திரத்தால்தான். பிலிமையும் பிளேட்டையும் கண்ணாடிக்கு அடியில் வைத்து, நடுவிலுள்ள காற்றைப் பம்பினால் உறிஞ்சி, மேலிருந்து பலமான விளக்கைக் காட்டுவார்கள். ஆதியில் கரித்துண்டு ஆர்க் விளக்கு. பிறகு மெட்டல் ஹாலைடு விளக்கு. இப்போது கம்ப்யூட்டரிலிருந்து நேராகவே பிளேட் தயாராகிவிடுவதால் அந்தப் பழைய யந்திரங்களுக்கு வேலை குறைந்துவிட்டது. எங்காவது ஒன்று நல்ல நிலையில் விலைக்கு வந்தால், பெரிய அளவில் படம் செய்ய நினைப்பவர் போய்ப் பார்க்கலாம். பிலிமும் காகிதமும் இம்மிகூட விலகாமல் ஒட்டிப் பிடிக்க அதைவிட நல்ல சாதனம் இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான வாட் கரெண்ட் இழுக்கும், உஷ்ணம் அதிகம், ஒரு முறை அணைத்தால் ஆறும் வரை மறுபடி ஏற்ற முடியாது. வீட்டு மாடி அறைக்கு ஏற்றதல்ல.

பழைய தெரு விளக்கின் மெர்க்குரி பல்பும் 365-ல் நன்றாக ஒளி கொடுக்கும். ஆனால் அதன் வெளிக் கண்ணாடி உடைந்தும் உள்ளே எரிந்துகொண்டிருந்தால், கிருமி விளக்கின் அபாயம் அத்தனையும் அதற்கு வந்துவிடும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கல்யாணப் பத்திரிகையும் துணிப்பையும் அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடைகள் நம் ஊர்களிலேயே உண்டு. சட்டத்தில் கட்டிய வலையில் மருந்து பூசி, குழல் விளக்குப் பெட்டியின் மேலோ வெயிலிலோ வைத்து அவர்கள் படம் ஏற்றுகிறார்கள். நமக்கு வேண்டிய பெட்டிக்கு மாதிரி பார்க்க லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. அங்கே போய்ப் பார்த்தால் போதும். அந்த மருந்தில் பைக்ரோமேட் கலந்திருந்தால் மட்டும் கையில் படாமல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அது பொல்லாத விஷம்.

எல்.ஈ.டி. வந்துவிட்டதே!

ஆம், வந்துவிட்டது. பாதரசக் குழல்களுக்கு உலகமெங்கும் விடை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டு வெளிச்சத்துக்கான டியூப் லைட்டுகளை 2027 முடிவுக்குள் நிறுத்திவிடுவதென்று 2023-ல் சர்வதேச ஒப்பந்த மாநாட்டில் தீர்மானமாகிவிட்டது. ஆகவே நாளைக்கு எல்.ஈ.டி.தான்.

சூடு குறைவு, நீண்ட ஆயுள், போட்ட உடனே முழு பலம். எல்லாம் சரி. ஆனால் வாங்கும்போது வாட் கணக்கைப் பார்த்து ஏமாறக்கூடாது. நானோமீட்டர் கணக்கைக் கேட்க வேண்டும். 365 என்று இருந்தால் மிக நல்லது. விலையும் அதற்கு ஏற்றபடி இருக்கும். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 395 அல்லது 405. இவற்றிலும் நீலப் படம் வரும். நேரம் கூடப் பிடிக்கும். இங்கேயும் கண் நம்மை ஏமாற்றும். 395 விளக்கு பளிச்சென்று ஊதாவாகத் தெரியும். 365 மங்கலாகத் தெரியும். மங்கலைக் கண்டு "பலம் இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பலசாலி அதுதான். அதை உற்றுப் பார்க்கவும் கூடாது.

எல்.ஈ.டி.க்கு இன்னொரு குறை உண்டு. அது புள்ளி புள்ளியாக ஒளி விடுவது. நெருக்கமாக வைத்தால் படத்தில் புள்ளிக்குப் புள்ளி ஏற்றத்தாழ்வு தெரியும். தள்ளி வைத்தால் பலம் குறையும். அழகு நிலையங்களில் நகத்துக்குக் காட்டும் விளக்கும் இந்த ஜாதிதான். பரிசோதனைக்கு ஒரு சின்ன இலையைப் படம் எடுக்கலாமே தவிர, தபால் கார்டு அளவுக்குச் சீராக வராது.

புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு என் யோசனை: இரண்டு அடி நீளம், 18 அல்லது 20 வாட், 'பி.எல்.' வெள்ளைப் பூச்சுக் குழல் ஆறு. வழக்கமான டியூப் லைட்டின் சோக்கும் ஹோல்டரும் இதற்குப் போதும். தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒரு பொழுதில் கட்டிக் கொடுத்துவிடுவார்.

பெட்டி

ஆறு குழல்களையும் இரண்டு அங்குல இடைவெளியில் வரிசையாகப் போடுங்கள். குழலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு அங்குலம் இருக்கட்டும். மிக நெருங்கினால் குழலின் வரிகள் படத்தில் விழும். பெட்டியின் உட்புறம் அலுமினியத் தகடு அடித்தால் ஒளி வீணாகாது. குழலின் இரு நுனியிலும் ஒளி குறைவு. ஆகவே இரண்டு அடிக் குழல் என்றால் நடுவிலுள்ள ஒன்றரை அடியை மட்டும் நம்புங்கள்.

குழல் விளக்கு எல்லாப் பக்கமிருந்தும் ஒளி விடுவது. நெகட்டிவ் காகிதத்தோடு ஒட்டாமல் எழும்பி நின்றால் படம் மசமசவென்று ஆகிவிடும். வெயிலில் இந்தக் குறை அவ்வளவு தெரியாது. எனவே பிரேமில் கெட்டியான சாதாரணக் கண்ணாடி போட்டு, பின்பக்கம் நன்றாக அழுத்தம் கொடுக்க வேண்டும். கண்ணாடி வாங்கும்போது புற ஊதாவைத் தடுக்கும் ரகமும், இரண்டு கண்ணாடியை ஒட்டிய ரகமும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சோக்கின் சூடு வெளியேற ஒரு சின்ன மின்விசிறி வைப்பது நல்லது.

குழல் முழு பலத்துக்கு வரச் சில நிமிஷம் ஆகும். முதல் படத்தை வைப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் பெட்டியை எரியவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் படம் வெளுத்தும் இரண்டாவது படம் கறுத்தும் வந்து, மருந்தின் மேல் பழி போடுவீர்கள்.

முதல் ராத்திரி வேலை

எத்தனை நிமிஷம் காட்ட வேண்டும்? இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. உங்கள் குழல், உங்கள் காகிதம், நெகட்டிவ் அச்சிட்ட மை எல்லாம் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். மருந்து பூசிய காகிதத்தில் ஒரு விரற்கடை நீளத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். அதை வெறும் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் வைத்து, அட்டையால் மூடி, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அட்டையை ஓர் அங்குலம் நகர்த்துங்கள். அலசி உலர்த்தினால் படிப்படியாக நீலம் ஏறியிருக்கும். எந்தப் படிக்கு மேல் நீலம் கூடவில்லையோ அந்த நேரம்தான் உங்கள் பெட்டியின் நேரம். பத்து முதல் இருபது நிமிஷத்துக்குள் பெரும்பாலும் அடங்கும்.

முதல் படத்துக்கு நெகட்டிவ்கூடத் தேவையில்லை. ஆண்டாள் அவதரித்த நந்தவனத்து ஊர் அல்லவா? ஒரு துளசிக் கொத்தைப் புத்தகத்தில் அழுத்திக் காயவைத்து, காகிதத்தின் மேல் வைத்து எடுங்கள். அன்னா அட்கின்ஸ் கடற்பாசிக்குச் செய்தது அதுதான். கை பழகியபின் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் பதினொரு நிலைகளையும் பிலிம் தாளில் நெகட்டிவாக எடுத்து அச்சிடலாம். கோபுரத்தின் பொம்மைகள் தனித்தனியே தெரிந்தால் உங்கள் பிரேமின் அழுத்தம் சரி. கஞ்சி போக அலசிய பருத்தித் துணியிலும் நீலம் நன்றாகப் பிடிக்கும். ராஜபாளையத்தில் துணிக்கு எங்கே போக வேண்டும்? ஆனால் சலவை சோடா போட்டுத் துவைத்தால் நீலம் மஞ்சளாகிவிடும். அந்தத் துணியைத் தனியாக, வெறும் தண்ணீரில் அலச வேண்டும்.

அன்றைய சோதனைத் துண்டின் பின்பக்கம் பென்சிலால் தேதி, குழல் வாங்கிய நாள், எத்தனை நிமிஷம் என்று குறித்து, வெளிச்சம் படாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதம் கழித்து அதே காகிதம், அதே மருந்து, அதே நிமிஷக் கணக்கில் இன்னொரு துண்டு எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதுத் துண்டில் நீலம் ஒரு படி இறங்கியிருந்தால், அண்ணாச்சி கடைக்குப் போய் ஆறு குழல் வாங்க வேண்டிய நாள் வந்துவிட்டது. நுனியில் 'பி.எல்.' என்று இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள்.